கலைக் கேள்வி – பதில்: தாமஸ் ஈக்கின்ஸ் அளந்து வரைந்த அன்றாடம்

அமெரிக்க யதார்த்த ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் (1844–1916) வரைந்த படகோட்டி படத்தைச் சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வெளியிட்டிருந்தோம். அதையொட்டிக் கேள்விகள் நிறைய வந்தன. ஓவியம் பயில்கிறவர்களுக்குக் கைகொடுக்கும் கேள்விகளுக்கு முதலிடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: சாமி படம், அரச குடும்பம் என்று இல்லாமல் படகு வலிக்கிறவர், வலை பழுதுபார்க்கும் மீனவர், சதுரங்கம் ஆடும் பெரியவர்கள் என்று வரைந்திருக்கிறார். இந்த நாட்டம் எங்கிருந்து வந்தது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: வீட்டிலிருந்துதான். அவருடைய அப்பா பெஞ்சமின் ஈக்கின்ஸ் பிலடெல்ஃபியாவில் எழுத்துக்கலை ஆசிரியர். சான்றிதழ்களுக்கும் பட்டயங்களுக்கும் அழகெழுத்து எழுதிக் கொடுப்பவர். ஒரு கோடு பிசகினாலும் முழுத் தாளும் வீணாகிற தொழில் அது. பையன் படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் இயந்திர வரைபடமும் பாடம். 1860இல், பதினாறு வயதில், அவர் வரைந்த கடைசல் இயந்திரத்தின் பெர்ஸ்பெக்டிவ் படம் (தூரத்துக்கு ஏற்ப அளவு குறைவதைக் கணக்கிட்டு வரையும் முறை) இன்றும் இருக்கிறது. பல்சக்கரம், பெல்ட் ஓடும் சக்கரம் எல்லாம் கணக்குப்படி அந்தந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

1866இல் பாரிஸ் போய் பிரெஞ்சு ஓவியர் ஜெரோமிடம் படித்தார். 1869 கடைசியில் ஸ்பெயினுக்குப் போனார். மாட்ரிட்டில் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர்களான வெலாஸ்க்வெஸ், ரிபேரா இருவரின் படங்களையும் பார்த்தது அவருக்குத் திருப்புமுனை. 1870இல் ஊர் திரும்பியவர் பிறகு ஐரோப்பாவுக்குப் போகவில்லை. மவுண்ட் வெர்னன் தெரு வீட்டில் இருந்துகொண்டு, தெரிந்த மனிதர்களை, அவர்கள் செய்கிற வேலையோடு வரைந்தார். ஒரு தங்கை பியானோ முன்னால் இருக்கிறாள், இன்னொருத்தி தரையில் சிலேட்டோடு கிடக்கிறாள். 1876இல் வரைந்த சதுரங்கப் படத்தில் ஆடுகிற இரண்டு பெரியவர்களுக்கு நடுவே நின்று பார்ப்பவர் அப்பாதான்.

நாங்கள் வெளியிட்ட படம் 1871இல் வரைந்தது. ஒற்றை ஆள் படகில் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிற மாக்ஸ் ஷ்மிட் அவருடைய பள்ளித் தோழர். 1870 அக்டோபரில் பிலடெல்ஃபியாவின் ஸ்கூல்கில் ஆற்றில் நடந்த போட்டியில் வென்றவர். சற்றுத் தூரத்தில் நமக்கு அப்பால் துடுப்புப் போட்டுப் போகிற ஆளை உற்றுப் பாருங்கள். அது ஈக்கின்ஸ். கையெழுத்தையும் ஆண்டையும் கேன்வாஸின் மூலையில் போடாமல் தன் படகின் மேலேயே எழுதிவிட்டார். தானும் அந்த ஆற்றில் துடுப்புப் போட்டவன் என்பதை அதைவிட அடக்கமாகச் சொல்ல முடியாது.

கேள்வி: தூரத்தில் நிற்கும் ஆட்களை வரையும்போது எனக்கு எப்போதும் மிதப்பது போலவோ, பள்ளத்தில் நிற்பது போலவோ வந்துவிடுகிறது. ஈக்கின்ஸ் எப்படிக் கணக்கிட்டார்? – ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: அவர் மாணவர்களுக்குச் சொன்ன அடிப்படை ஒற்றை வரிதான்: இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது பாதி அளவாகத் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மறைபுள்ளிகளோடு (இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தெரியும் புள்ளிகள்) மல்லுக்கட்டாமலே ஆட்களை நிறுத்திவிடலாம்.

தேவையான அளவுகள் மூன்று. பார்ப்பவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கண்ணுக்கும் கேன்வாஸுக்கும் எவ்வளவு தூரம், வரைய வேண்டிய ஆள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம். நிஜ உயரத்தைக் கேன்வாஸ் தூரத்தால் பெருக்கி, ஆள் இருக்கும் தூரத்தால் வகுத்தால் படத்தில் வர வேண்டிய உயரம் கிடைக்கும்.

கண் உயரம் 5 அடி, கேன்வாஸ் தூரம் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேன்வாஸில் கண்மட்டக் கோட்டைக் கிடையாகப் போடுங்கள். 6 அடி ஆள் 30 அடி தூரத்தில் நிற்கிறார். 6 × 3 ÷ 30 = 0.6 அடி, அதாவது 7.2 அங்குலம். அவருடைய பாதம் கண்மட்டத்துக்கு 5 அடி கீழே இருப்பதால் 5 × 3 ÷ 30 = 0.5 அடி. கோட்டுக்கு 6 அங்குலம் கீழே பாதம், 1.2 அங்குலம் மேலே உச்சந்தலை. அதே ஆள் 60 அடிக்குப் போனால் உயரம் 3.6 அங்குலம், பாதம் 3 அங்குலம் கீழே, தலை 0.6 அங்குலம் மேலே. பக்கத்தில் மூன்றரை அடிச் சிறுவன் 30 அடியில் நின்றால் அவன் உயரம் 4.2 அங்குலம். பாதம் அதே 6 அங்குலக் கீழ்க்கோட்டில்தான். தலை கண்மட்டத்துக்கு 1.8 அங்குலம் கீழே வரும்.

உங்கள் ஆட்கள் மிதப்பதற்குக் காரணம் பாதத்தைக் கணக்கிடாமல் தலையை மட்டும் பார்த்து உடம்பைத் தொங்கவிடுவது. பள்ளத்தில் நிற்பது போல் தெரிவதற்குக் காரணம், தூரத்தில் இருப்பதால் தலையும் கீழே இறங்க வேண்டும் என்று நினைப்பது. சமதரையில் உங்கள் உயரமே உள்ளவர் எத்தனை தூரம் போனாலும் அவர் கண் உங்கள் கண்மட்டக் கோட்டை விட்டு நகராது.

தண்ணீரை வரையும்போது இன்னொரு பிழை நேரும். கரை தண்ணீர் மட்டத்திலிருந்து 3 அடி உயரம் என்றால், கரையில் நிற்கும் உங்கள் கண் தண்ணீருக்கு மேலே 8 அடியில் இருக்கிறது. 30 அடி தூரத்துப் படகின் நீர்க்கோடு கண்மட்டத்துக்கு 9.6 அங்குலம் கீழே வர வேண்டும். பழக்கதோஷத்தில் 5 அடி என்றே கணக்குப் போட்டு 6 அங்குலத்தில் நிறுத்தினால் படகு தண்ணீரை விட்டு எழும்பிவிடும்.

இன்னும் ஒன்று. கேன்வாஸ் தூரத்தைக் குறைவாக எடுத்தால் ஓரத்து உருவங்கள் இழுபட்டுத் தெரியும். படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது வையுங்கள். 3 அடி தூரத்துக்கு 2 அடி அகலக் கேன்வாஸ் சரியாக இருக்கும்.

கேள்வி: படகு சாய்ந்து, திரும்பி, அலையில் ஏறி இறங்கும்போது எப்படி வரைவது? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஈக்கின்ஸ் மிகவும் ரசித்துச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. பெர்ஸ்பெக்டிவ் பற்றி அவர் மாணவர்களுக்காக எழுதிய பாடநூல் அவர் காலத்தில் அச்சாகவில்லை. 2005இல்தான் வந்தது. அதில் பாய்மரப் படகுக்கு அவர் சொல்கிற வழி: படகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அது கச்சிதமாக அடங்குகிற ஒரு பெட்டியை வரை.

படகில் மூன்று சாய்வுகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. நம் பார்வைக்குக் குறுக்கே அது திரும்பியிருக்கிறது. காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. அலைக்கு முன்பக்கம் தூக்குகிறது. மூன்றையும் சேர்த்து வளைந்த பலகைகளோடு வரைய முயன்றால் யாருக்கும் வராது. செங்கல் வடிவப் பெட்டி என்றால் ஒவ்வொரு சாய்வாகத் தரலாம். முதலில் திருப்பு, அடுத்து பக்கவாட்டில் சாய், கடைசியில் தூக்கு. அதன் பிறகு பெட்டியின் நீளத்தைச் சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் படகின் குறுக்குவெட்டு எங்கே தொடுகிறது என்று புள்ளி வைத்துச் சேர்த்தால் படகு வந்துவிடும்.

1872இல் வரைந்த இரட்டைத் துடுப்புப் படகுப் படத்துக்கு அவர் போட்ட வரைபடங்கள் பிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பாலத் தூணின் நிழல், படகின் கோணம் எல்லாம் அவ்வளவு துல்லியம். கோடை மாலை 7.20 மணிக்கான வெயில் அது என்று ஆய்வாளர்கள் அந்த வரைபடத்தை வைத்தே கணக்கிட்டுவிட்டார்கள்.

தண்ணீருக்கு ஒரு குறிப்பு. சிற்றலையில் நம்மை நோக்கிச் சரிந்த முகம் உயரத்து வானத்தைக் காட்டும், அதனால் நீலம் அடர்ந்திருக்கும். எதிர்ப்புறம் சரிந்த முகம் தாழ்வான வானத்தையோ அக்கரையையோ காட்டும். இரண்டையும் குழப்பி ஒரே சாம்பல் நீலத்தில் தடவினால் ஆறு சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: ஈக்கின்ஸ் புகைப்படத்தைப் பார்த்து நகல் எடுத்தவர் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: புகைப்படத்தைப் பயன்படுத்தினார், உண்மை. 1880 வாக்கில் கேமரா வாங்கினார். 1881இல் வரைந்த வலை பழுதுபார்க்கும் மீனவர் படத்தையும் ஷாட் என்ற வகை மீனைப் பிடிக்கும் படத்தையும் பாதுகாப்பு வல்லுநர்கள் உருப்பெருக்கி வைத்துச் சோதித்தபோது, வண்ணத்தில் கீறிய நுண்ணிய அடையாளக் கோடுகள் கிடைத்தன. புகைப்படத்தைக் கேன்வாஸில் ஒளியால் விழச்செய்து, தொப்பி விளிம்பு, முழங்கை, பாதம் போன்ற முக்கிய இடங்களை மட்டும் குறித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நகல் என்பது சரியல்ல. வலைப் படத்தில் இருக்கிறவர்கள் ஒரே புகைப்படத்தில் இருந்தவர்கள் அல்லர். தனித்தனிப் படங்களிலிருந்து எடுத்து, ஒரே நிலத்தில், ஒரே வெளிச்சத்தில் நிறுத்தியிருக்கிறார். பெர்ஸ்பெக்டிவ் கணக்குத் தெரியாதவரால் அது முடியாது. இன்று கைபேசிப் படங்களை ஒட்டி வரைகிற பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒரு படம் நின்றுகொண்டு எடுத்தது, இன்னொன்று உட்கார்ந்து எடுத்தது. இரண்டின் கண்மட்டமும் வேறு. ஒருவர் காலை ஒன்பது மணி வெயிலில் இருக்கிறார், மற்றவர் உச்சிவெயிலில். ஒட்டிய பிறகு எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினாலும் கண் ஒப்புக்கொள்ளாது. கேமராவை ஒரே உயரத்தில் வைத்து, தூரத்தை அடியால் அளந்து குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரையும் எடுத்துவிடுங்கள்.

அவருக்கும் இதில் ஒரு சிக்கல் தீராமல் நின்றது. 1879–80இல் நான்கு குதிரை பூட்டிய வண்டியை வரைந்தார். குதிரையின் கால்கள் எப்படிப் போகின்றன என்பதை ஓடும் குதிரைகளை அடுத்தடுத்துப் படமெடுத்த புகைப்படக்காரர் மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்துச் சரியாகப் பிடித்தார். குதிரைகளை மெழுகில் சின்ன உருவங்களாகச் செய்தும் பார்த்தார். கால்கள் கணப்பொழுதில் உறைந்து நிற்கின்றன. சக்கரத்தின் ஆரங்களோ வேகத்தில் மங்கலாகத் தெரிகின்றன. ஒரே வண்டியில் இரண்டு விதமான நேரம்! அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஏதோ இடறுவதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: ஆசிரியராக அவர் என்ன புதிதாகச் செய்தார்? – ஓவிய ஆசிரியை, மதுரை

பதில்: பென்சில்வேனியா நுண்கலை அகாதெமியில் 1876இல் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். 1878இல் சம்பளம், 1882இல் இயக்குநர் பொறுப்பு. அந்தக் காலத்து வழக்கம் என்ன? பிளாஸ்டர் வார்ப்புச் சிலைகளைக் கரிக்கட்டியால் நெடுநாள் வரைந்து தேறிய பிறகுதான் வண்ணத்தைத் தொட விடுவார்கள். ஈக்கின்ஸ் இதை மாற்றினார். வார்ப்பு என்பது வேறொருவர் பார்த்து முடித்த உருவம், அதையே வரைந்துகொண்டிருந்தால் உயிருள்ள உடம்பைப் பார்க்கும் கண் மழுங்கிவிடும் என்பது அவர் கட்சி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தூரிகையைக் கையில் கொடுத்துவிடுவார். விளிம்புக் கோட்டில் தொடங்காமல் உடம்பின் திரட்சியிலிருந்து தொடங்கச் சொன்னார். கை சரியாக வராத மாணவருக்கு அவர் தரும் மருந்து களிமண். அதே உருவத்தைக் களிமண்ணில் செய்துவிட்டு வந்து மறுபடி வரை என்பார். பின்பக்கமும் இருக்கிறது என்று விரல்களுக்குத் தெரிந்தால் முன்பக்கம் தானாகத் திருந்தும்.

அடுத்தது உடற்கூறு. அறுவை மருத்துவர் வில்லியம் கீன் விரிவுரை நிகழ்த்த, அறுத்துக் காட்டும் பொறுப்பு ஈக்கின்ஸுக்கு. குளிர்பதன வசதி இல்லாத காலம், அதனால் பிண அறுப்பு குளிர்காலத்தில்தான். தசையை ஒவ்வொன்றாகப் பிரித்து, எங்கே தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது, மடங்கும்போது எங்கே புடைக்கிறது என்று பார்த்து, பிளாஸ்டரில் வார்த்து வைத்துக்கொள்வார்கள். மனித உடல் மட்டுமல்ல, குதிரையும் அறுத்தார்கள். பெண்களுக்கும் இந்தப் பாடங்கள் உண்டு. அந்நாளில் அது பெரிய விஷயம். 1879இல் அகாதெமியின் மேரி ஸ்மித் பரிசை முதன்முதலாக வாங்கிய சூசன் மக்டவல் அவருடைய மாணவி. 1884இல் அவரை மணந்தார்.

உங்கள் வகுப்பில் பிண அறுப்புக்கு வழியில்லை. களிமண் இருக்கிறதே, அதை விடாதீர்கள். ஒரு கிலோ களிமண்ணில் முழங்கையும் முன்கையும் செய்ய ஒரு மாணவருக்கு இரண்டு மணி நேரம் போதும். உள்ளங்கையைத் திருப்பும்போது முன்கை எலும்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவதைத் தன் கையிலேயே தொட்டுப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு மாதிரி வரைந்துகொண்டிருந்த முன்கை அன்றைக்கே மாறும்.

கேள்வி: இவ்வளவு நல்ல ஆசிரியரை ஏன் வெளியேற்றினார்கள்? – வாசகி, சேலம்

பதில்: பெண்கள் இருந்த வகுப்பில் இடுப்பெலும்புத் தசையை விளக்க, ஆண் மாடலின் இடுப்புத் துணியை அகற்றினார். 1886 பிப்ரவரியில் ராஜினாமா செய்ய வைத்தார்கள். அவருக்காக வெளியேறிய மாணவர்கள் பிலடெல்ஃபியா கலை மாணவர் சங்கம் என்று தனியாக வகுப்பு அமைத்தார்கள். அது 1893 வரை நடந்தது. 1895இல் டிரெக்ஸல் நிறுவனத்திலும் இதே காரணத்துக்காக விலக்கப்பட்டார்.

பழைமைவாதிகள் ஒரு மேதையைத் துரத்தினார்கள் என்று மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது அரை உண்மை. மாணவிகளிடமும் உறவினரிடமும் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி அப்போதே வேறு புகார்களும் எழுந்தன. குடும்பத்துக்குள்ளேயே பிளவு வந்தது. பாடமுறையின் சிறப்பு அந்தப் புகார்களைத் துடைத்துவிடாது.

கேள்வி: ஈக்கின்ஸ் வரைந்த அறுவைச் சிகிச்சைப் படத்தில் மருத்துவர்கள் கோட்டு சூட்டோடு நிற்கிறார்களே? – செவிலியர், வேலூர்

பதில்: உங்கள் கண் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. அது 1875. டாக்டர் சாமுவேல் கிராஸ் தொடை எலும்பில் அழுகிச் செத்த பகுதியை அகற்றுகிறார். தெருவில் போட்டு வந்த அதே கறுப்புக் கோட்டு, வெறுங்கை, கையில் ரத்தம். நோயாளியின் முகத்தில் மயக்கமருந்துத் துணி. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமிநீக்க முறையை அமெரிக்காவில் பலரும் இன்னும் ஏற்காத காலம், கிராஸும் ஏற்கவில்லை. 1889இல் ஈக்கின்ஸ் வரைந்த டாக்டர் அக்னியூவின் அறுவைக் கூடத்தில் அறுவை செய்யும் மருத்துவர்கள் எல்லாரும் வெள்ளை அங்கி, பக்கத்தில் ஒரு செவிலியர். பதினான்கு ஆண்டுகளில் மருத்துவம் மாறியதை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தாலே படித்துவிடலாம்.

கிராஸ் படம் 8 அடி உயரம், ஆறரை அடி அகலம். 1876இல் பிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியின் கலைப் பிரிவு அதை ஏற்க மறுத்தது. ராணுவ மருத்துவமனைக் காட்சிக்கூடத்தில் கட்டில்களோடு மாட்டினார்கள். 1878இல் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி 200 டாலருக்கு வாங்கியது. 2006இல் கல்லூரி அதை விற்க முனைந்தபோது நகரமே பணம் திரட்டி, 6.8 கோடி டாலருக்குப் படம் வெளியூர் போகாமல் காத்தது.

கேள்வி: அவர் படங்கள் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன? வார்னிஷ் கறுத்துவிட்டதா? – வாசகர், ஈரோடு

பதில்: இருட்டு அவர் வேண்டுமென்றே வைத்தது. வண்ணம் காய்ந்த பின் பின்புலத்தின் மேல் மெல்லிய அடர்நிறப் பூச்சுகளைப் படரவிட்டு, வெளிச்சத்தை நெற்றியிலும் கையிலும் மட்டும் நிறுத்துவார். அந்தப் பூச்சு எளிதில் கரைவது. பிற்காலத்தில் சுத்தம் செய்தவர்கள் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். கிராஸ் படத்தில், பின்னால் நடைவழியில் நிற்கும் இருவரும் இருளில் கரைந்திருக்க வேண்டியவர்கள். துடைத்ததில் அந்த இடம் செம்மஞ்சளாகப் பளிச்சிட்டு, டாக்டர் முகத்துக்குப் போட்டியாக வந்து நின்றது. ஈக்கின்ஸே அந்தப் படத்தைக் கறுப்பு மையில் நகல் எடுத்து வைத்திருந்தார். அதையும் பழைய புகைப்படத்தையும் ஒப்பிட்டு 2010இல் இருளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

வீட்டில் பழைய எண்ணெய் ஓவியம் வைத்திருப்பவர்கள் உருளைக்கிழங்கு, சோப்பு, டர்பன்டைன் என்று எதையும் வைத்துத் தேய்க்க வேண்டாம். பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அழுக்கா, ஓவியரின் பூச்சா என்று நமக்குத் தெரியாது.

கேள்வி: ரவி வர்மாவும் இவரும் ஒரே காலத்தவர்களா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆம். ரவி வர்மா 1848இல் பிறந்தவர், நான்கு வயது இளையவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் பத்து ஓவியங்களை அனுப்பிப் பரிசு பெற்றார். அதே கண்காட்சியில் ஈக்கின்ஸின் படங்களும் இருந்தன.

கேள்வி: அவருடைய மாணவர்களில் யாரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்? – மாணவி, புதுச்சேரி

பதில்: ஹென்றி ஒசாவா டானர் (1859–1937). அகாதெமியில் ஈக்கின்ஸிடம் படித்த கறுப்பின ஓவியர். 1893இல் வரைந்த பாஞ்சோப் பாடம் என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முதியவர் ஒருவர் மடியில் சிறுவனைச் சாய்த்துக்கொண்டு பாஞ்சோ வாசிக்கக் கற்றுத் தருகிறார். கறுப்பர்களைக் கேலிச் சித்திரமாக்க அன்றைய மேடையும் அச்சும் பயன்படுத்திய அதே வாத்தியம் இங்கே பாடப்புத்தகமாகிவிட்டது.

வரைகிறவர் கவனிக்க வேண்டியது வெளிச்சம். இடப்பக்கம் ஜன்னலின் குளிர்ந்த நீல வெளிச்சம், வலப்பக்கம் படத்துக்கு வெளியே எரியும் அடுப்பின் செம்மஞ்சள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு தலைகள். இப்படி இரட்டை வெளிச்சம் வரையும்போது இரண்டுக்கும் சம பலம் கொடுத்தால் முகம் நடுவில் பிளந்துபோகும். ஒன்றை ஒரு படி தாழ்த்தியே ஆக வேண்டும். முதியவரின் கை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்: பாஞ்சோவின் கழுத்தைத் தாங்கி எடையைத் தான் வாங்கிக்கொள்கிறார். நரம்பை மீட்டும் விரல் சிறுவனுடையது.